குடிக்காதவரின் ஈரல்

பழைய உடுப்புப் பெட்டிக்குள் போடுமுன்
பனிக்கால ஜாக்கெட்டின் பைகளைத் துழாவினேன்.
உட்பையில் எட்டாய் மடித்த தாள்.
மார்ச் ஒன்பது, காலை ஏழு இருபது.
புவனேந்திரன், ஆண், நாற்பத்தெட்டு.
பன்னிரண்டு மணிநேரம் உண்ணாமல் கொடுத்த இரத்தம்.

ஏ.எல்.டி. எண்பத்தாறு.
பக்கத்தில் தடித்த ஒரு எச்,
ஒரேயொரு படி வைத்த ஏணிபோல.
ட்ரைகிளிசரைட்டுக்கும் அதே ஏணி.
சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில்
உள்ளே வரவா என்று நின்றது.

ஏன் எனக்குக் காட்டவில்லை?

அந்தியேட்டி முடிந்து
மிச்சச் சாப்பாட்டைப் பெட்டிகளில் அடைக்கையில்
சிறிரஞ்சன்தான் சொன்னார்:
"டொக்டர் கேட்டவராம் அக்கா,
கிழமைக்கு எத்தனை போத்தல் எண்டு.
இவருக்குக் கோவம், எழும்பி வந்திட்டார்.
ஈரல் எண்டால் சனம் என்ன நினைக்கும்,
மனுசிக்குச் சொல்லிப்போடாதை எண்டவர்."

குடிக்காத மனுசன்.
கலியாண வீடுகளில் மற்றவர்கள் கார் டிக்கியைத் திறக்க
இவர் கோக் கோப்பையோடு தள்ளி நிற்பார்.
நாலு பேரை நாலு வாசலில் இறக்கிவிட்டுத்தான்
எங்கள் வாசலுக்கு வருவோம்.
அந்தக் கோப்பையைப் பெருமையாய்ப் பார்த்திருக்கிறேன்.
அதற்குள் எத்தனை கரண்டி சீனி என்று
எண்ணத் தோன்றியதேயில்லை.

இரவு வேலை. மார்க்கம் வீதிக்கு அப்பால்
உறைகுளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட்.
மூன்று மணிக்குக் காசு போட்டால் விழும் டோனட்.
ஐந்து மணிக்கு நித்திரை முறிக்க இன்னொரு கோக்.
விடிய வந்து
நான் மூடிவைத்த சோற்றைத் திறப்பார்.
குறைத்துப் போட்ட நாளில்
"கோவமா?" என்பார்.
பிறகு குறைத்ததில்லை.

நம் பேச்சில்
பயந்தால் நடுங்குவது ஈரக்குலை.
இரக்கம் உள்ளவருக்கு நெஞ்சில் ஈரம்.
உடம்புக்குள்ளே
கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று
ஓர் ஆற்றங்கரையையே வைத்திருக்கிறோம்.
கல்லென்று பெயரிட்டவன்
அது கொழுப்பில் குழையும் என்று
நினைத்திருக்க மாட்டான்.

ஜூலை, ஞாயிறு.
நெடுநாளைக்குப் பிறகு பூப்பந்தாடக் கிளம்பினார்.
ஒரு சப்பாத்தைக் கட்டி முடித்திருந்தார்.
மற்றதன் நாடா கையில்.
கத்தவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை.
படத்தில் வருவதுபோல் எதுவும் நடக்கவில்லை.
தொலைபேசியில் ஒரு பெண் எண்ண எண்ண
ஆரூரன் மார்பை அமத்தினான்:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
பதினெட்டு வயது.
இன்றும் சாப்பாட்டு மேசையில்
அவன் விரல்கள் அந்தக் கதியில்தான் தட்டுகின்றன.

"ஈரலாலா நெஞ்சு நின்றது?"
வைத்தியரிடம் கேட்டேன்.
"அப்படிச் சொல்ல முடியாது" என்றார்.
இதயம் பெருத்திருந்ததாம்,
ஈரல் மஞ்சளாய் இருந்ததாம்.
அவர் இன்னும் ஏதோ விளக்கினார்.

நான் மோர்னிங்சைட் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.
வந்த புதிதில் அங்கே பேஸ்மென்டில் இருந்தோம்.
முழு வீட்டையும் சூடாக்கும் ஃபர்னஸ்
எங்கள் கட்டில் தலைமாட்டில்.
அது முனகத் தொடங்கினால்
எங்களுக்குத்தான் முதலில் கேட்கும்.
புவன் தும்புத்தடியால் மேலே தட்டுவார்.
மேல்வீட்டுக்காரர்
டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

இன்று காலை ஷெப்பர்ட் வீதி ஆய்வுகூடம்.
தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இரண்டு பேரும்.
"எனக்கேன் அம்மா?" என்று
வழி முழுக்கக் கேட்டு வந்தான்.
எதிர்க்கதிரையில் கோயிலில் கண்ட முகங்கள் இரண்டு.
என்ன பரிசோதனை என்று கேட்டாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
பிறகு, தேவையில்லைத்தான்,
திரும்பி நின்று தமிழிலும் சொன்னேன்:
ஈரல் பார்க்க வந்தனாங்கள்.

ரப்பர் பட்டியை இறுக்கினாள் தாதி.
குழாய் நிறைந்தது.
கையை இனி விரிக்கலாம் என்றாள்.
விரிக்க
அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.