தூண் இருந்த இடம்

மார்க்கத்துக்கு வடக்கே, சோளம் வெட்டிய வயல்.
வாசலில் பலகை:
வீடுகள், ஒன்றேகால் மில்லியனிலிருந்து.
வீடு வருமுன் நாங்கள் வருவோம்.
ஐந்து மீற்றருக்கு ஒரு குழி,
அள்ளிய மண்ணை அரித்துப் பார்த்து
மூடிவிட்டு
அடுத்த ஐந்து மீற்றர்.

நேற்று எனக்கு ஒரு தூண் கிடைத்தது.
தூண் இல்லை. அது உக்கி
ஐந்நூறு வருசம்.
வெண்டாட் ஆட்களின் நெடுவீட்டில் அது நின்ற இடத்தில்
மண் மட்டும் கொஞ்சம் கறுப்பு.
மேசன் கரண்டி நுனியால், மூச்சை அடக்கி,
அந்தக் கறுப்பின் விளிம்பைப் பிடித்தேன்.
இதற்குத்தான் ஆறு வருசம் படித்தது.

மண்வாரி ஓட்டும் துவார்த்தே
மத்தியானம் கேட்டான்: மணிக்கு எவ்வளவு?
சொன்னேன்.
கடித்த பாணை மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
பிறகு தன்னுடையதைச் சொன்னான்,
மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி.
இரண்டு மடங்கு. அதோடு சங்கம், பல் வைத்தியம்,
மழைக்கும் நாலு மணி நேரக் காசு.

எங்களுக்கு மழை என்றால் வீடு.
வந்த தொண்ணூறு நிமிசமும்
போகிற தொண்ணூறு நிமிசமும்
ஒருவர் கணக்கிலும் இல்லை.
டிசம்பரில் நிலம் இறுகும்,
எங்களை நிற்பாட்டுவார்கள்.
"விருப்பப்பட்டுச் செய்கிற வேலைதானே" என்பார் முகாமையாளர்.
விருப்பத்தைப் பெற்றோல் செட்டில் வாங்கமாட்டார்கள்.

அதனால் குறிப்பேட்டின் பின்பக்கத்தில்
இன்னொரு கிண்டல் நடக்கிறது.
திங்கள்: பயணம், மூன்று மணி, சம்பளம் இல்லை.
செவ்வாய்: மழை.
புதன்: அரிதட்டுக் கழுவியது, நாற்பது நிமிசம், இருட்டில்.
கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
இல்லாமல் போனதை அளந்து எழுதத்தானே
எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

வெள்ளி பின்னேரம் பதினொரு பேரும் கையெழுத்து வைத்தோம்.
முதலில் இன்கிரிட். கடைசியில் நான்,
என் பெயர் கோட்டைத் தாண்டிப் போனது.
தாள்களைக் கண்டெடுத்த ஓடுகள் போடும் பையில் போட்டு,
திகதி எழுதி,
முகாமையாளரின் மேசையில் வைத்தோம்.

இன்று திங்கள்.
பை அதே இடத்தில், கோப்பிக் குவளைக்குக் கீழே.
பத்து மணிக்கு மழை பிடித்தது.
ஒருவரும் காருக்குப் போகவில்லை.
ட்ரெயிலருக்குள் வரிசையாக இருந்தோம்,
சப்பாத்துச் சேறு தரையில் காய.
துவார்த்தே இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு வந்து
என் பக்கத்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
அவனுக்கு நாலு மணி நேரம் ஓடுகிறது.
எங்களுக்கு
இன்னும் தெரியாது.