மூலம்: கட்டாயம்

புதுச் செயலியில் தலைப்புக்குக் கீழே
ஒரு கட்டம்: மூலம்.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரக் குறி.
நிரப்பாவிட்டால் செய்தி நகராது.

விளையாட்டுப் பக்கத்துக் கபாலீசன்
முதல் நாளே நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து காட்டினான்.
"என் நட்சத்திரமும் அதுதான்" என்றாள்
விளம்பரம் பிடிக்கும் தவமலர்.
சிரித்தோம்.
கீழே முடிதிருத்தும் கடை, மேலே நாங்கள் மூவர்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.

கட்டத்தைத் தட்டினால் ஐந்தே விடை.
எம் நிருபர். செய்தி நிறுவனம். அறிக்கை. வாசகர். பிற.
சுங்கை பாக்குவில் செய்தி எப்படி வருகிறதென்று
இதை எழுதியவனுக்கு
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அது
சந்தையில் வந்தது, கங்கோங் கீரைக்கும் நெத்திலிக்கும் நடுவில்.
தோட்டத்தில் மருந்து தெளிப்பவள்,
நகமெல்லாம் வெளுத்தவள்,
நெத்திலியைப் பார்த்தபடியே சொன்னாள்:
"ஆலைக் குளம் உடைஞ்சிருச்சு, ஞாயித்துக்கிழம ராத்திரி.
ஆத்துல போய்ப் பாருங்க.
என் பேரு மட்டும் வேணாம் லா.
வீட்டுச் சாவி அவங்களோடது."

போனேன்.
வயிற்றைக் காட்டி மிதந்தன மீன்கள்,
தண்ணீர் ஆறிப்போன கோப்பி நிறம்.
பாலத்துக் காவலாளி தேக் பகதூர்
முந்தின நாள் விடியலிலேயே படம் பிடித்திருந்தார்.
உடைந்த மலாயில் கேட்டார்:
"பேர் போடுவீர்களா? ஊரில் மகள் பார்ப்பாள்."
எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை சொன்னார்.

ஒருத்திக்குப் பெயர் வேண்டாம்.
ஒருவருக்குப் பெயர் வேண்டும்.

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
மூன்று கிலோமீட்டர் மேலே நடந்தேன்.
உடைந்த கரையில் புதுமண்,
அதன்மேல் இயந்திரத்தின் பல்தடம்.
ஆலை மேலாளர் சொன்னார்: மழை.
அதற்குக் கட்டம் இருக்கிறது. அறிக்கை.

பெண் மூலம் நிர்மூலம்.
தவமலரைப் பார்க்க வந்தவர்கள்
பலகாரம் தின்றபின் சொல்லிவிட்டுப் போன பழமொழி.
பொய்தான்.
ஆனால் நான் ஒரு பெயரைத் தட்டச்சினால்
மாதக் கடைசியில்
அவள் பானை சட்டி ரோட்டில் கிடக்கும்.

'பிற' என்று கொடுத்தேன்.
விளக்கவும், என்றது செயலி.
'ஆற்றோரம் வசிப்பவர்' என்று எழுதி அழித்தேன்.
ஆற்றோரம் பதினோரு வீடு,
விரல்விட்டு எண்ணிப் பிடித்துவிடுவார்கள்.
'தோட்டத் தொழிலாளி.'
நானூறு பேர். ஒளிந்துகொள்ள அது போதும்.

படம்: தேக் பகதூர்.
அனுப்பு.

சிவப்பில் ஒரு வரி:
இந்தப் படம் ஏற்கெனவே உள்ளது.
மூலம்: செய்தி நிறுவனம், கோலாலம்பூர்.

கைப்பேசி கைப்பேசியாய்த் தாவித்
தலைநகரம் போய்,
வழியில் பெயர் உதிர்ந்து,
முத்திரை குத்திக்கொண்டு வந்து
எங்களுக்கே விலைக்கு நிற்கிறது.

மணி ஐந்து நாற்பது. ஆறுக்குப் பக்கம் மூடும்.
தலைமையகத்தை அழைத்தேன்.
"யாரது பகதூர்? ஆதாரம்?"
அசலை அனுப்பினேன்.
நேரம் காலை 6.52,
இடது மூலையில் அவருடைய பூட்ஸ் நுனி.
நிறுவனத்தின் படத்தில்
அந்த மூலையை வெட்டியிருந்தார்கள்.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்க
கட்டம் பச்சையானது.

மறுநாள் பாலத்தில் நாளிதழைக் கொடுத்தேன்.
தமிழ் தெரியாத விரல்
படத்துக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து கேட்டது:
இதுவா?
இல்லை, அது 'படம்'.
அடுத்தது.

சந்தையில் அவளும் இருந்தாள்.
எதிரே வந்தாள், என் தோளைத் தாண்டிப்
பூசணிக்காயைப் பார்த்தாள்,
யாரோ ஒரு ஆளைக் கடப்பதுபோல் கடந்தாள்.
இத்தனை கச்சிதமாக
என்னை யாரும் தெரியாமல் இருந்ததில்லை.
கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு
அலுவலகம் போனேன்.