அசையாதவை

பிறை ஆற்றின் மேல் மழை கட்டிக்கொண்டு வரும்போது
லெட்சுமணன் ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கிறான்.
எட்டுப் புட்டிகள்.
ஒன்றில் கொஞ்சம் நுரை. இன்னொன்று
தே ஓ போலச் சிவந்து தெளிந்திருக்கிறது.
மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டியது அவ்வளவுதான்,
மீதியை இவை சொல்ல வேண்டும்:

எள்ளில் பாதி இல்லாத நீர்த்தெள்ளுகள்,
நேற்றிரவு பிறந்தவை.
கண்ணாடி உடம்பு.
உள்ளே பச்சைக் கோடாய்க் குடல்,
முதுகோரம் துடிக்கும் இதயம்.
ஒளித்துவைக்க ஒன்றுமில்லாதவர்களைத்தான்
சாட்சிக்கு அழைக்கிறோம்.

கிண்ணத்துக்குப் பத்து.
சொட்டோடு சொட்டாக ஒவ்வொன்றாய் இறக்குகிறேன்.
மொய்னா என்று பூன் கியட் உச்சரிக்கையில்
எனக்கு மொய்ப்பணம் நினைவுக்கு வரும்.
யாரிடமிருந்து எத்தனை என்று
நோட்டில் ஏற்றுகிற வேலைதானே இதுவும்.

இருபத்து நான்கு மணி. நாற்பத்தெட்டு மணி.
கிண்ணத்தை மெல்லச் சுழற்றிவிட்டுப்
பதினைந்து வரை எண்ணுவேன்.
அதற்குள் நீந்தாதது கணக்கில் சேரும்.
படிவத்தில் 'இறந்தவை' என்று பத்தியில்லை,
'அசையாதவை' என்றுதான்.
நுண்ணோக்கியில் வைத்தால் சிலவற்றுக்கு
இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்.
அதை எழுத இடமில்லை.

ஆலை எஞ்சினியர் ஒருநாள் வந்து குனிந்து பார்த்தார்.
"இந்தத் தூசியா எங்களுக்கு அபராதம் போடுவது?"
தூசி அந்நேரம் பார்த்து
விக்கல் எடுத்ததுபோல் துள்ளி மேலேறியது.
சட்டென்று பின்வாங்கிவிட்டுச் சிரித்தார்.

நல்ல நீரில் இவை பெண்களாகவே பெருகும்.
காலம் கெடும்போதுதான் ஆண் பிறக்கும்.
அப்புறம் முட்டை கருத்த சேணம் பூட்டிக்கொண்டு
அடிச்சேற்றில் காத்துக் கிடக்கும்.
இதைச் சொன்னபோது லெட்சுமணன்
"அப்போ நான் பொறந்த வருசம்..." என்று ஆரம்பித்து
மீதியை ரொட்டி சானாயோடு விழுங்கிவிட்டான்.

முந்தாநாள், யாரும் கேட்காத ஒன்பதாவது கிண்ணம்.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் மாடி,
என் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.
காலையில் அடியில் பத்து வெள்ளைப் புள்ளிகள்.
குளோரின், என்றார் பூன் கியட்,
வாளியில் ஓரிரவு திறந்து வைத்தால் போய்விடும்.
தெரியும். இவற்றின் தொட்டிக்கு
தினமும் அப்படி வைப்பவளே நான்தான்.
ஆறாம் புட்டியின் வடிகால் நீரில்
ஏழு இன்னும் நீந்திக்கொண்டிருந்தன.

அதற்காக வடிகாலைக் குடிக்க முடியுமா?
குழாயை மூடிவிட முடியுமா?
இவை தங்களுக்காகத்தான் பேசுகின்றன,
நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

ஒன்பதாவதை நோட்டில் ஏற்றவில்லை.

இரவு ஒரு குவளைத் தண்ணீரை
மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.
பக்கத்து வீட்டு மோட்டார் வந்து நின்று அடங்கியது.
மல்லாந்தபடி எண்ணத் தொடங்கினேன்.
பதிமூன்று, பதினான்கு
வந்ததும் அவசரமாக
ஒரு விரலை அசைத்துக்கொண்டேன்.