விசிலுக்கு ஆள் தேவை

பதினான்கு அணி, இரண்டு கோல் கம்பம்,
சுண்ணாம்புக் கோடு போட ஒரு வாளி,
எல்லாம் இருக்கிறது எங்கள் தண்டையார்பேட்டை லீக்கில்.
நடுவர்தான் இல்லை.

இருந்த ஒருவர் பிலவேந்திரன்.
போன மே மாதம் ஓர் ஆஃப்சைடு ஊதினார்.
ஆட்டம் முடிந்து பார்த்தால்
ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்றில்லை.
காலடிப்பேட்டை வரை தள்ளிக்கொண்டே போனார்.
மறுநாள் விசிலைக் கழுவித் துடைத்து
மருந்துக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.
கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை.

நான் செயலாளர்.
செயலாளர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பவன்.
நோட்டீஸ் அடித்தேன், மஞ்சள் தாளில்:
நடுவர்கள் தேவை. இருபாலரும் வரலாம்.
ஆட்டத்துக்கு முந்நூறு. மதியம் பிரியாணி. விசில் இலவசம்.
பிரியாணியை மட்டும் பிரஸ்காரர்
தாமாகவே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

மணிக்கூண்டு, மீன் ஏலக் கூடம்,
மாதா கோயில் எதிரே ஜெராக்ஸ் கடை,
ஒட்டிய இடமெல்லாம் ஒரே பதில்:
"திட்டு வாங்கறதுக்கு எதுக்குண்ணா கிரவுண்டு?
வூட்லயே வாங்கினுதான் கீறோம்."

ஞாயிறு கூட்டத்துக்கு ஏழு பேர்.
மூன்று பேர், ஆட ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தவர்கள்.
இரண்டு பேர் பிரியாணி.
ஒருவன் கேட்டான்:
"ரெட் கார்டை மொத நிமிஷமே காட்டலாமா, டில்லிக்கு?"
என்னப்பா தகராறு என்றேன்.
"என் தங்கச்சி கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தான்.
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஏழாவது ஆள் ஆனந்தவல்லி.
எண்ணூர் போகும் வழியில் லாரி எடைமேடை, ராத்திரி ஷிப்ட்.
"கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்பார்களாம்.
போடாவிட்டால்
செத்துப்போன அம்மாவையும் இழுப்பார்களாம்.
"மிசின் காட்றத எழுதறேன். நீ ஏத்துன லோடுதானே?"
பந்து ஆடியிருக்கிறீர்களா என்றேன்.
"இல்ல. பதினோரு வருஷமா மொட்ட மாடிலேர்ந்து பாக்கறேன்.
மேலேர்ந்து பாத்தா ஆஃப்சைடு நல்லாத் தெரியும்."
அப்புறம், கொஞ்சம் தயங்கி,
"அந்த சாரு ஊதுனது கரெக்டுதான்."

சட்டப் புத்தகம் கொடுத்தேன்.
புதன்கிழமை திரும்பி வந்தது,
பக்கத்துக்குப் பக்கம் எடைச்சீட்டு செருகி.
பந்து கையில் பட்டால் எப்போது குற்றம் என்கிற இடத்தில்
நிலக்கரி, நிகர எடை இருபத்தொரு டன்.

முதல் ஆட்டம். எங்கள் அணி, எதிரே காசிமேடு.
எங்கள் என்றால், கோல் காப்பவன் என் மகன்.
அறுபத்தொன்றாம் நிமிடம் அவன் பாய்ந்தான்.
பந்தைத்தான் தொட்டான். நான் பார்த்தேன்.
எதிராளி சும்மா விழுந்தான், சினிமா போல.
விசில்.
பெனால்டி.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.
பிலவேந்திரன் காதில் விழுந்த அதே சொல்.
அதைச் சொன்னது யார் என்று
அப்போது கமிட்டி போட்டு விசாரித்தோம்.
விசாரித்தவன் நான்.

அவள் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள்.
லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிற நிதானம்.
மஞ்சள் அட்டை, என் மூக்குக்கு நேராக.
நோட்டைப் பிரித்து, பேர் என்ன என்றாள்.
தெரியாதா என்ன?
"செயலாளர்" என்றேன்.
"பேரு."
"குணசீலன்."
யாரோ சிரித்தார்கள். என் மகனாகவும் இருக்கலாம்.

மதியம் முந்நூறுக்குக் கையெழுத்துப் போட்டாள்.
பிரியாணி இரண்டு பொட்டலம், ஒன்று ராத்திரி ஷிப்டுக்கு.

திங்கட்கிழமை கடைத் திறக்குமுன் நான்கு பேர் வாசலில்.
"உங்களுக்கே கார்டு காட்டலாமாமே, மெய்யாலுமா?"
பெட்டியில் புது விசில் மூன்றுதான் இருந்தது.
நான்காவது ஆளை நாளைக்கு வரச் சொன்னேன்.

மருந்துக் கவரில் இருப்பதைக் கொடுக்கவில்லை.
அதை எடுத்துக்கொண்டு ஒருநாள்
காலடிப்பேட்டை வரை போக வேண்டும்,
நடந்து.
காற்றடிக்கிற பம்பையும் தூக்கிக்கொண்டு.