எது எங்கே

ராணுவப் பட்டியலில் பெயர்ச்சொல் முன்னால் நடக்கும்,
மற்றதெல்லாம் பின்னால் நொண்டி வரும்.
கையுறை, கல்நார், ஜோடி ஒன்று.
வாளி, கித்தான், மடிப்பது.
கெட்டில், தேநீர், மூடியோடு.
பழகிப் பழகி
வீட்டுக்கு எழுதிய கடிதத்திலும்
'முத்தம், உனக்கு, மூன்று' என்று போட்டுவிட்டேன்.
'வரவு வைத்தாயிற்று' என்று பதில் எழுதினாள் ஹில்டா.

நார்மண்டியில், ஆப்பிள் தோப்பு ஒன்றில் எங்கள் பட்டறை.
இழுத்து வரும் டாங்குகளை ஒட்டி, கழுவி,
உள்ளே வெள்ளையடித்து
மறுபடி நிரப்பித் தர வேண்டும்.
கையில் வரைபடம்:
பொருளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் அம்பு.
பிரென் துப்பாக்கி கோபுரத்துச் சுவரில், தோல்வாருக்குள்.
சைகைத் தோட்டாக்கள் கமாண்டரின் முட்டி தட்டும் இடத்தில்.
ஸ்பேர் பெரிஸ்கோப் கண்ணாடி, கம்பளியில் சுற்றி.
ஐந்து ஆட்களுக்கு அம்பு கிடையாது.
மிச்சமிருக்கும் இடம்தான் அவர்கள்.

வரைந்தவர் அதற்குள் ஒரு ராத்திரி படுத்திருக்க மாட்டார்.
படுத்தவர்கள் வேறு மாதிரி அடுக்குவார்கள்:
போர்வை வெளியே, மழையில்;
போர்வை இருந்த இடத்தில் இன்னும் எட்டு குண்டுகள்.
தீயணைப்பானின் கொக்கியில் ஒருமுறை
கால்வடோஸ் சாராயப் புட்டி பார்த்தேன்.
அளவு கனகச்சிதம்.

வியாழனன்று வந்த கிராம்வெல்லில்
வலப்பக்கம் ஒரே ஓட்டை,
ஷில்லிங் காசைவிடக் கொஞ்சம் பெரிது.
மற்றபடி ஒழுங்கான வண்டி.
லோடர் பின்னக் எல்லாவற்றையும்
அம்பு காட்டிய இடத்திலேயே வைத்திருந்தான்.
பிஸ்கட் டின்கூட நசுங்கவில்லை.
நான் வாசிக்க, டகெட் டிக் அடித்தான்.
கையுறை, கல்நார்...
இடது இருந்தது.
வலதைத் தேடிக் குழாய்களுக்கு அடியில் கைவிட்டவன்
சட்டென்று எழுந்து
தோப்பின் கோடி வரை நடந்துபோய் நின்றான்.

கையுறை, கல்நார், வலது, குறைவு ஒன்று.
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
தேய்மானம், திருட்டு, கவனக்குறைவு,
எதிரியின் செயல்.
பென்சிலைச் சீவினேன்.
இன்னொரு முறையும் சீவினேன்.

சனிக்கிழமை புது ஆட்கள் வந்தார்கள்.
வெள்ளைச் சுவரைத் தடவி
'புத்தம் புதுசு' என்றான் ஒரு பையன்.
கெட்டில் எங்கே தொங்கும் என்று கேட்டான்.
வெளியே, பின்பக்கம்; படத்தைப் பார்க்காதே என்றேன்.
பிறகு கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தான்,
விரல்களை மடக்கி விரித்தான்.
'இன்னொன்று?'

இண்டென்ட் போட்டிருக்கிறேன்.
வந்துவிடும், என்றேன்.