மாதிரி

சாப்பாட்டு மேசையில் உலகம், மூன்று விதமாக.
எல்லாம் மாதிரிப் பக்கங்கள்தான்.
சங்ககிரி ரோட்டுக் கடையில் பிரிண்ட் எடுத்தது:
கறுப்பு இரண்டு ரூபாய், கலர் பத்து.
"எந்த ஸ்கூலுங்க்கா?" என்றான் கடைப் பையன்.
"எங்க வீடு."
ஸ்டேப்ளரை வைத்துவிட்டு
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

நாலாம் வகுப்பிலேயே டாக்டருக்கு அஸ்திவாரம் என்று
சனிக்கிழமையும் எடுத்துக்கொண்ட பள்ளியிலிருந்து
ஜூனில் தன்விகாவைக் கூட்டி வந்துவிட்டேன்.
நாத்தனார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.
கணக்கு நானே பார்த்துக்கொள்வேன்.
தமிழுக்குப் பயமில்லை.
இந்த உலகம்தான்.

முதல் திட்டம்: வாரம் ஒரு நாடு.
முப்பத்தாறு கொடி, முப்பத்தாறு சமையல் குறிப்பு.
ஜப்பானுக்குக் காகிதக் கொக்கு மடிக்க வேண்டும்.
இத்தாலிக்கு மாவு பிசைய வேண்டும்.
இருபத்தொன்றாம் வாரம், "ஆப்பிரிக்கா".
மொத்தமும்.
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முகமூடி செய்து
முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது கப்பலில், பெட்டியில் வரும்.
உருளும் பூமி, ஒட்டும் தாள், பாஸ்போர்ட் மாதிரி ஒரு நோட்டு.
விலையை ரூபாயாக்கிப் பார்த்தேன்:
நாற்பது அடி கேசிங் இறக்கலாம்.

மூன்றாவது இலவசம்.
தலைநகரம், நாணயம், பரப்பளவு, கோடிட்ட இடம்.
நாங்கள் விட்டு வந்த பள்ளியேதான்,
யூனிஃபார்ம் மட்டும் இல்லை.

இரவு ஒன்பதுக்கு அவரைக் கூப்பிட்டேன்.
அங்கே மணி ஐந்தரை.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி
ஜாம்பியாவில், சிப்பாட்டாவுக்கு வெளியே,
நூற்றுநாற்பது அடியில் ஓடிக்கொண்டிருந்தது.
கம்ப்ரஷர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.
"எதுன்னு என்னையக் கேட்டா?
தெரிஞ்ச எடத்துல மொதல்ல ஒரு பாயிண்ட் போட்டுப் பாரு.
அங்க தண்ணி வந்தா
தெரியாத எடத்துல நம்பு."
வைத்துவிட்டார். ராடு மாற்ற வேண்டுமாம்.

போட்டுப் பார்த்தேன்.
பெட்டிக்காரர்களின் இந்தியா:
யானை, சேலை, பாம்பு, குழம்பு.
"நாம எப்பம்மா யானை மேல போனோம்?"
என்று கேட்டுவிட்டுத் தன்விகா
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கொடிக்காரர்களின் இந்தியாவில் தாஜ்மகால் வெட்டி ஒட்ட வேண்டும்.
இலவசத்தில் பரப்பளவு சரியாக இருந்தது.

காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தார்.
துளையிலிருந்து வந்த தூள்,
பத்தடிக்கு ஒரு குவியலாகத் தரையில் வரிசையாக:
செம்மண், மஞ்சள், வெளுத்த சாம்பல்,
கடைசிக் குவியல் ஈரமாக.
குனிந்து எண்ணுகிற பெண்
யார்டில் கணக்கெழுதும் ஆக்னஸ்.
அவருடைய கூட்டலில் தப்புக் கண்டுபிடிப்பவள்.
மதியம் இவருக்குக் களி கொடுப்பவளும் அவள்தான்.
"வெள்ளச் சோளக்களி, நம்ம களிதான்,
கீரையத் தொட்டுக்கிட்டா எறங்கீரும்."

தன்விகா குரல்பதிவு அனுப்பினாள்.
முலி ப்வான்ஞ்சி, என்று தொடங்கி
மீதியை ஆங்கிலத்தில்:
உங்கள் ஊரில் முகமூடி யார் போடுவார்கள்?

சாயங்காலம் ஆக்னஸ் பதில்.
கொஞ்சம் சிரிப்பு. பிறகு,
விழாவில் போடுகிறவர்கள் உண்டு,
நான் பார்த்தது இரண்டு முறை,
பயந்து ஓடியது ஒரு முறை.
என் மகனும் புவியியல்தான் படிக்கிறான்.
அவன் புத்தகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.
கூடவே மங்கலாக ஒரு பக்கம்:
நெல் வயல், குடத்தோடு ஒருத்தி,
தார்ரோட்டின் நடுவில் ஒரு மாடு.

இவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"வயல் நம்மூர்ல இல்லைன்னு சொல்லீறவா?
கல்லு ஒடைக்கற எடம், லாரிப் பட்டறை, மரவள்ளிக் காடு.
ஆனா மாடு சரி.
நேத்து பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்ததே, அதேதான்."

முதல் திட்டத்தையே வாங்கினேன், விலை குறைவு.
கொக்கு மடிக்க அவளுக்கும் ஆசை.
இருபத்தொன்றாம் வாரத்தைக் கிழித்துவிட்டேன்.
அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாள்.
தலைப்பில் சிப்பாட்டா என்று எழுதி
இரண்டாவது ப-வை அழித்து
மறுபடியும் போட்டிருக்கிறாள்.
கொடி இன்னும் வரையவில்லை.
கீழே, பென்சிலில்:
அந்தப் பையன் பேர் என்னன்னு கேக்கணும்.