பின்பக்கம்

முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள்.
மூன்று கண் வைத்த பாலம், மேலே ஒரு லிண்டன் மரம்,
விளிம்பில் வளைந்து ஓடும் எழுத்து:
ஹெல்மன்ஷ்டைன் எழுநூறு ஆண்டு, 1933.
நான் திருப்பிப் போடுவேன்.
ஊசி கிடையா நெட்டையா,
கொக்கி பித்தளையா இரும்பா,
செய்தவன் பெயர் மேடா பள்ளமா.

ஹானோவரில், லைனே ஆற்றங்கரைச் சந்தையில்
சனிக்கிழமை ஏழு மணிக்கே விரல் விறைக்க நிற்பேன்.
"பல்லம்மா வந்தாச்சு" என்பார்கள் கடைக்காரர்கள்.
பல் செட் செய்வது என் பிழைப்பு.
அச்சு, வார்ப்பு, பிசிறு.
முடியளவு பிசகினாலும் வாய் ஏற்காது.

அந்த விழா மே முதல் செப்டம்பர் வரை நடந்தது.
இருபது பெனிக் கொடுத்து வில்லையைக் குத்திக்கொண்டால்
அதுவே நுழைவுச் சீட்டு.
கூட்டம் பெருகப் பெருக
ஊர் மன்றம் பட்டறை பட்டறையாக எழுதிப் போட்டது.
ஒரே படம், ஐந்து கை.
கைபெல் மரத்துக்குப் பதினோரு இலை வைத்தான்.
ப்ஃபோர்ட்ஸ்ஹைம்காரன் ஒன்பதோடு அலுத்துப்போனான்,
ஆனால் அவன் ஆற்றில்தான் அலை உண்டு.
மூன்றாவது ஆள் எழுநூறில் ஒரு சுழியை விழுங்கி
நாற்பது வில்லை அடித்த பிறகே விழித்துக்கொண்டானாம்.
(அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. விற்க மாட்டேன்.)
நான்கு: என். ஆரென்ஸ்பெர்க், லூடன்ஷைட்.
ஐந்து: ஓ. ட்ரப்பே, லூடன்ஷைட்.

பட்டியல் போடுபவர் பீலஃபெல்டு ஓட்ஃப்ரீட் க்னாப்பே.
இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறார்.

போன பிப்ரவரியில்
பொத்தான் டப்பா ஒன்றின் அடியிலிருந்து
பெயரே இல்லாத ஒன்று கிடைத்தது. மூன்று யூரோ.
"குறியற்றது! என்பதுக்குக் குறையாது,
வாழ்த்துகள் வீப்கே" என்றார் ஓட்ஃப்ரீட்.

அன்றிரவு ஆய்வறையில்
யாருடைய கடைவாய்ப்பல்லோ காய்ந்துகொண்டிருக்க
மூன்றையும் விளக்கடியில் வைத்தேன்.
பாலத்தின் இரண்டாம் கண்ணிலிருந்து
நீருக்கு இறங்குகிறது ஒரு விரிசல்.
ஆரென்ஸ்பெர்க்கில் எறும்பு மீசை அளவு.
குறியற்றதில் இன்னும் கொஞ்சம்.
ட்ரப்பேயில் விளிம்பைத் தொட்டுவிட்டது.
எஃகு அடிபட அடிபட விரியும், சுருங்காது.
ஒரே அச்சு. வரிசையும் இதுதான்.
குறியற்றதன் முதுகில், பெயர் இருந்த இடத்தில்
அரம் ஓடிய வழவழப்பு.
ஓரத்தில் மட்டும் ஏதோ ஓர் எழுத்தின் கால்,
அவசரத்தில் விட்டுப்போனது.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன்.
ஒன்பது வாரம் கழித்து ஒரு நகல்:
ஜூலை 1933, உரிமையாளர் மாற்றம்.
நாதன் ஆரென்ஸ்பெர்க் என்ற பெயருக்கு எதிரே
அதற்குமேல் எந்தப் பதிவும் இல்லை.

அரம் பிடித்தவன் யாரோ.
ஒருவேளை அந்த எழுத்துகளை
முன்பு வெட்டியவனே.
ஆகஸ்டில் இசைக்கூடாரத்துக்கு வந்தவர்கள்
வாத்துக்கறி தின்றார்கள், ஆடினார்கள்,
ஒருவரும் கழற்றித் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.
பார்க்க என்ன இருக்கிறது, அந்தப் பக்கம்
சட்டையோடு ஒட்டி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதானே இருந்தது.

ஓட்ஃப்ரீட்டைக் கூப்பிட்டேன்.
"ஐந்து பட்டறை இல்லை, நான்குதான்.
மூன்றையும் நான்காம் எண்ணில் போடுங்கள்,
ஆரென்ஸ்பெர்க் என்று."
"ட்ரப்பே சேகரிப்பவர்கள் சண்டைக்கு வருவார்களே."
"வரட்டும்."
தொலைபேசியில் அவர் ரஸ்க் மெல்லும் சத்தம்.
பிறகு, "அந்த ஜூலை விஷயத்தையும்
கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.
அச்சகத்தில் இடம் ஒரு வரிக்குத்தான் இருக்கிறது."
மறுபடி ரஸ்க்.
"சரி, விலை என்ன போடட்டும்?"

கோபம் வந்தது. அவர்மேல்தான் என்று
சொல்லத்தான் ஆசை.
ஆனால் கைபெல் வில்லையில் பன்னிரண்டு இலை
ஒன்று உண்டென்று கேள்வி.
நாளை சனிக்கிழமை.
உருப்பெருக்கியைத் துடைத்து
இப்போதே கோட்டுப்பையில் போட்டுவிட்டேன்.